ஒன்பதாவது பத்தி

அந்த மனுவின் ஒன்பதாவது பத்தியை எழுதியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக இதை யாரிடமாவது சொல்ல நேரும்போது, வேலி போட்டவர்களிடம் ஆரம்பித்து, அதிகாரிகள் வழியாகப் போய், நீதிமன்றத்தில் முடித்துவிடுவேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நடுவில் நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த புதிது. அத்தாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஸ்டவ், குக்கர் ரிப்பேர் கடை. ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறி ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. நான் தினமும் மின்சார ரயிலில் கோட்டை ஸ்டேஷன் வரை போய், உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக வேலை பார்த்தேன். வேலை என்றால், வாய்தா கேட்பதும் வழக்குக் கட்டு தூக்குவதும்தான்.

எங்கள் வீட்டுக்கு ஒரு இருளர் பெண் வருவார். நாற்பதைத் தாண்டிய வயது. ரம்ஜானுக்கு முன்னால் நன்னாரி வேர் கொண்டுவந்து கொடுப்பார். நோன்பு திறக்கும்போது குடிக்கும் சர்பத்துக்கு அவர் கொண்டுவரும் வேர்தான் வேண்டும் என்பாள் அம்மா. கடையில் வாங்குவதில் மண் வாசனையே இல்லையாம். அந்த அக்காவும் அவர் கணவரும் இன்னும் எட்டுக் குடும்பங்களும் ஊருக்கு அப்பால், காப்புக் காட்டின் ஓரத்தில் குடிசை போட்டிருந்தார்கள்.

அந்த வருடம் அவர் வெறுங்கையோடு வந்தார். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"வக்கீலம்மா, காட்ட சுத்தி கம்பி வேலி போட்டுகினு வர்றாங்கோ. எங்க வூட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல வந்துடுச்சி. உள்ள எங்க பொண்ண பொதச்சி வச்சிக்கீறோம். ஒரு ஆள் போற மாதிரி வழி வுடச் சொல்லி எழுதிக் குடேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஆறு வயதில் காய்ச்சலில் இறந்த பெண். காட்டுக்குள் இருநூறு அடி தள்ளி, ஒரு புங்க மரத்தடியில் புதைத்திருந்தார்கள். அவர் மாமனார், மாமியார், கைக்குழந்தையிலேயே போன இன்னொன்று, எல்லாருமே அங்கேதான். வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருவார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடிசைகளுக்குப் போனேன். இரும்புத் தூண்கள் நட்டு, என்னைவிட உயரமாகக் கம்பி வலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். எனக்கு ஒரு சிமெண்ட் சாக்கை விரித்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். அக்காதான் பேசினார். அங்கே வேலை பார்க்கும் வனக் காவலர் ஒருவர் நல்லவராம். பத்து வருடப் பழக்கம். 'மேல கேட்டுட்டு ஒரு சின்ன கேட்டு வச்சிடலாம்க்கா, அவசரப்படாத' என்று சொல்லியிருக்கிறாராம்.

"அந்த சார் வாய்ல சொன்னத பேப்பர்ல எழுதிக் குடுத்தா, அவரு மேல குடுத்துடுவாராம்" என்றார்.

அதை அப்படியே செய்திருக்கலாம். ஒரு பக்கக் கடிதம், அரை மணி நேர வேலை. ஆனால் எனக்குள் அப்போது வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சட்டத்தை அடிக்கோடிட்டு அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். தலைமுறை தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வரலாறு இழைத்த அநீதியைச் சரிசெய்வது என்று அதன் முன்னுரையிலேயே இருந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அக்கா, அவர் தயவுல ஒரு கேட்டு வேண்டாம். நாளைக்கு அவர மாத்திட்டா அந்த கேட்ட பூட்டிடுவாங்க. இது உங்க உரிமை. கேட்டு மட்டும் இல்ல, இந்த இடத்துக்குப் பட்டா, உள்ள வேர், கிழங்கு எடுக்கற உரிமை, எல்லாத்தையும் சேர்த்துக் கேப்போம். ஹைகோர்ட்டுல கேப்போம்" என்றேன்.

அவர் தன் கணவரைப் பார்த்தார். கணவர் வேலியைப் பார்த்தபடியே, "வக்கீலம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக.

சட்டப்படி பழங்குடியினர் என்று சாதிச் சான்றிதழ் இருந்தால் போதும், மூன்று தலைமுறையாக அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் தேட வேண்டாம். அவர்களிடம் சான்றிதழ் இல்லை. விண்ணப்பம் கொடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து, 'நீங்க இருளர்னு எப்படி நம்பறது? பாம்பு பிடிச்சுக் காட்டு பாக்கலாம்' என்று கேட்டாராம். பிடித்துக் காட்டினால் வழக்கு வரும் என்று பயந்து, தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பாம்பு பிடிக்கத் தெரியாதவர்கள் இருளர் இல்லை என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை அப்படி ஆகக்கூடாது, இவர்கள் யார் என்று மனுவைப் படிக்கிற யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்படித்தான் ஒன்பதாவது பத்தி வந்தது. மனுதாரரும் அவரது முன்னோரும் நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு இந்தக் காட்டில் நன்னாரி, காட்டுக்கிழங்கு, தேன், ஈசல் ஆகியவற்றைச் சேகரித்தும், முயல், கௌதாரி ஆகியவற்றை வலையிட்டுப் பிடித்தும் வாழ்ந்து வருகிறார்கள், இன்றும் அதுவே அவர்களது வாழ்க்கைமுறை என்று எழுதினேன். எந்தப் பக்கமாக உள்ளே போவார்கள், எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்பதெல்லாம்கூட.

கைநாட்டு வாங்கும் முன் முழுவதையும் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, தரையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாவது பத்தி முடிந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"மொசலு, கவுதாரி எல்லாம் எழுதணுமா?"

"உண்மையைத்தானே எழுதறோம் அக்கா."

"உண்மைதான். ஆனா அவங்களே படிப்பாங்கோ இல்ல?"

"படிக்கட்டும். அதுதான் நீங்க யாருன்னு காட்டும்."

அவர் கட்டைவிரலை நீட்டினார். மை தடவி நான்தான் பிடித்து அழுத்தினேன். வேட்டையாடும் உரிமையை அந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிரிவையும் படித்திருந்தேன். இருந்தும், பழக்கத்தைத்தானே சொல்கிறோம், உரிமையாகவா கேட்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீனியர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "நல்லா எழுதியிருக்கம்மா" என்றார்.

மனு தாக்கலான விஷயம் தெரிந்ததும் அந்தக் காவலர் குடிசைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். சீக்கிரமே அவருக்கு மாறுதலும் வந்தது. அதனால்தானா, வழக்கமான மாறுதலா, தெரியாது.

மறுதரப்பின் பதில் மனு வந்தபோது அதில் ஒன்பதாவது பத்தியை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தார்கள். மனுதாரர் தாமே ஒப்புக்கொண்டபடி என்று ஆரம்பித்தது. விசாரணை நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குரலை உயர்த்தவே இல்லை. காடுகளையும் காட்டுயிர்களையும் காப்பது அரசின் கடமை என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்வதைப் படித்தார். பிறகு என் வரிகளைப் படித்தார். சீனியர் எழுந்து, வாழும் உரிமை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது என்றார். நீதிபதி இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒத்திவைத்தார். பின் வரிசையில் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் நடந்த எதுவும் அவருக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும், "கேட்டு வச்சிடுவாங்களா?" என்று கேட்டார். நான் "பார்ப்போம்" என்றேன்.

அதற்கடுத்த வாரமே ஒரு காலையில் வனத்துறை ஜீப் வந்தது. குடிசைகளைச் சோதனை போட்டார்கள். அக்காவின் வீட்டுக் கூரையில் செருகியிருந்த ஒரு முயல் வலையும், கூடையில் இருந்த இரண்டு கௌதாரிகளும் கிடைத்தன. அவர் கணவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஏதோ பொருளைக் கணக்கில் எடுப்பது போல நிதானமாகச் செய்தார்களாம். அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு வார்த்த கத்தல வக்கீலம்மா. கையில ஒரு பேப்பர் வச்சிகினு வந்தாங்கோ."

அது என்ன பேப்பர் என்று நான் கேட்கவில்லை.

மாஜிஸ்ட்ரேட் அவரை ரிமாண்ட் செய்தார். முதல் ஜாமீன் மனு தள்ளுபடி. இரண்டாவது முறை கிடைத்தது, ஆனால் ஜாமீன்தாரர் இருவர் வேண்டும், சொந்த வீடு இருப்பவர்களாக. அந்தக் குடியிருப்பில் யாருக்கு வீட்டு வரி ரசீது இருக்கிறது? நான் இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் அத்தா கடையைச் சாத்திவிட்டு, பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். கறுப்பு எண்ணெய் படிந்த விரலால் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த அம்மா மொதல்ல என்னதான்மா கேட்டாங்க?"

"ஒரு கேட்டு, அத்தா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்த மனிதர் இன்னும் மெலிந்திருந்தார். வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. ஒவ்வொரு முறையும் காலை பத்து மணிக்கு வந்து, கோர்ட் வளாகத்து வேப்ப மரத்தடியில் குந்தியிருப்பார். அதற்குள் காட்டுக்குள் போவதும் நின்றுவிட்டதால், திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளை வேலைக்குச் சில குடும்பங்கள் போய்விட்டிருந்தன. அவரையும் கூப்பிட்டார்கள். வாய்தாவுக்கு லீவு தர மாட்டார்களாம்.

"ஒத்துக்கினா முடிஞ்சிடுமா?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"போராடலாம் அண்ணா. ஜெயிக்க வாய்ப்பு இருக்கு."

"எவ்ளோ நாளு ஆவும்?"

அடுத்த வாய்தாவில் கூண்டில் ஏறி, "செஞ்சேன் சாமி" என்றார். சிறையில் இருந்த நாட்களே தண்டனையாகக் கழிக்கப்பட்டு, அபராதத்தோடு முடிந்தது. பக்கத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் இறங்கி வந்து எனக்குக் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உயர் நீதிமன்றத்தில் எங்கள் மனு கடைசியில் இரண்டு பக்க உத்தரவோடு முடிந்தது. மனுதாரர் உரிய குழுவை அணுகலாம், குழு சட்டப்படி பரிசீலிக்க வேண்டும். அவ்வளவே. அந்தக் குழுவோ, இந்தச் சட்டம் பற்றிய வேறொரு வழக்கில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் யாருக்கும் பட்டா தரக்கூடாது என்று தடை இருப்பதாகக் கையை விரித்தது. உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு குடிசைகளுக்குப் போனேன். ஒன்பதில் ஆறு குடிசை காலி. கூரைகளைப் பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் லாரி வருகிறது என்றார்.

நான் உத்தரவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டார். பிறகு, "அத்த வுடு. ஒரு எட்டு என்கூட வா" என்றார்.

வேலி ஓரமாகக் கொஞ்சதூரம் நடந்தோம். ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று கம்பி வழியாக விரலை நீட்டினார். உள்ளே புதர் மண்டிக் கிடந்தது. எனக்குப் புங்க மரம் தெரிந்தது. அதற்குக் கீழே மேடா பள்ளமா என்று தெரியவில்லை. அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பொரியும் கொஞ்சம் சாமந்தியும். கையைத் தூக்கி வீசிப் பார்த்தார். பாதி வலையில் பட்டு எங்கள் காலடியிலேயே விழுந்தது.

"நீ ஒசரமா கீற. நீ போடு."

போட்டேன். பூக்கள் வேலியைத் தாண்டி நாலடி உள்ளே விழுந்தன. மரம் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. நான் அழுதேன். "அக்கா, அந்த லெட்டர எழுதிக் குடுத்திருக்கணும். நான்தான்..." என்று ஆரம்பித்தபோது, அவர் கீழே சிந்தியிருந்த பொரியைப் பொறுக்கியபடியே சொன்னார்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ண."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவர்கள் போனார்கள். ஒரு மேஸ்திரியின் செல்போன் நம்பரைக் கொடுத்திருந்தார். இரண்டு முறை பேசினேன், மூன்றாவது முறை அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. திருவள்ளூர்ப் பக்கம் தேடிப் போக வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். போகவில்லை. போனால் என்ன சொல்வது என்ற பயம்தான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு, மனுவில் முகவரி என்று எங்கள் வீட்டையே நான் கொடுத்திருந்ததால், அங்கே ஒரு கடிதம் வந்தது. சாதிச் சான்றிதழ் தொடர்பாக மறுவிசாரணை நடக்க இருப்பதாகவும், மனுதாரர் தற்போது வசிக்கும் இடத்தில் அதிகாரிகள் வரும்போது ஆஜராக வேண்டும் என்றும் இருந்தது. அம்மா அதைச் சமையல் மேடையில் வைத்திருந்தாள். சாயங்காலம் வந்து பிரித்தேன். இரண்டு மூன்று விதமாகப் பதில் எழுதிப் பார்த்தேன், நீளமாக, நடந்ததையெல்லாம் சொல்லி. கடைசியில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு, மனுதாரர் இப்போது அந்த இடத்தில் இல்லை, எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.