மூன்று மொழியில் மன்னிப்பு

கொழும்பில் பாமன்கடைப் பகுதியில் வீட்டிலிருந்து பிளவுஸ் தைக்கும் சரோஜினிதேவி இந்த ஐம்பத்துநாலு வயதுக்குள் எத்தனை பிளவுஸ் தைத்திருப்பாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று கேட்டால் அதுவும் தெரியாது. இரண்டாவதுதான் கூடுதலாக இருக்கும்.

எல்லாம் மகன் கஜேந்திரனுக்காக. அவனுக்கு ஐந்து வயதில் டொக்டர் ‘ஓட்டிசம்’ என்று சொன்னார். சொந்தக்காரர் அதை ஏதோ காய்ச்சல் என்று நினைத்தார்கள் போலும்; நேர்த்தி வைத்தால் இறங்கிவிடும் என்றார்கள். நேர்த்தி வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனால், மேளச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். சரோஜினிதேவி சுற்றி நிற்பவர்களிடம் கைகூப்புவாள். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் மூன்றாவது சீற் கிடைக்காவிட்டால் அவன் இருக்கமாட்டான். அதில் இருப்பவரிடம் “சமாவென்ன மல்லி”, மன்னிச்சுக்கொள் தம்பி, என்று சிங்களத்தில் கெஞ்சுவாள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பார்த்து, “உங்கட வாய் மணக்குது” என்றான். உண்மைதான், நாறத்தான் செய்தது. அதற்கும் அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். மருதானையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்யும் புருஷன் முத்துலிங்கம் இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. மகனை எங்கேயாவது கூட்டிப்போனால்தானே கேட்க வேண்டிவரும்!

பதினெட்டு வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்தின் விசேட பிரிவில் ஒரு பிரியாவிடை வைத்து, கேக் வெட்டி, கையைக் கழுவிவிட்டார்கள். அதன் பிறகு நாலு வருஷம் அவன் வீட்டில் இருந்தான். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்குவான், கலைப்பான், திரும்ப அடுக்குவான். நான் கண்ணை மூடினால் இவனை யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவளுக்குக் காலையில் பல் விளக்கும்போதே வந்துவிடும்.

ஹெவ்லொக் டவுனில் இப்படியான இளம் பிள்ளைகளை வேலைக்குப் பழக்கும் சின்ன நிலையம் ஒன்று திறந்தது. அதை நடத்திய அனுஷியாவுக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். வேலையில் கெட்டிக்காரி. ஒரு வருஷத்துக்குள் கஜேந்திரன் நேரம் பார்த்து எழும்பினான், தானே சவரம் செய்தான், வாகனம் நெரியும் காலி வீதியைத் தனியாகக் கடந்தான். முதல் பத்தொன்பது நாளும் சரோஜினிதேவி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போனாள். இருபதாம் நாள் அவன் திரும்பிப் பார்த்து, “அம்மா, மழை இல்லை, குடையை மடக்குங்கோ,” என்றான்.

வெள்ளவத்தையில் ஒரு சாரிக்கடை. சரோஜினிதேவிக்குத் தையல் அனுப்புவதும் அதே கடைதான். ஆட்கள் பிரித்துப் பார்த்துப் போட்டுவிட்டுப் போகும் சாரிகளைத் திரும்ப மடித்து அடுக்கும் வேலைக்கு முதலாளி அவனை எடுத்தார். ஆறு மாதம் பார்ப்பார். சரிவந்தால் நிரந்தரம், ஓய்வுகாலச் சேமலாப நிதியும் உண்டு. அந்த ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் தனக்குப் பிறகும் பிள்ளை தன் காலில் நிற்பான் என்று சரோஜினிதேவி நம்பினாள். அவளுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

வேலைக்குப் போகுமுன் வீட்டில் பழக்க வேண்டியவற்றை அனுஷியா எழுதிக் கொடுத்தாள். விளங்காவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும், களைத்தால் சொல்ல வேண்டும், இப்படி. ஒன்றை மட்டும் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள்.

“அன்ரி, ‘நான் செய்யேல்லை’ எண்டு சொல்ல அவருக்குக் கட்டாயம் பழக்கோணும். அவர் பொய் சொல்லமாட்டார். ஆனா ஆரும் சத்தம் போட்டா, அந்தச் சத்தம் நிக்கட்டும் எண்டு எதுக்கும் ஓம் எண்டிடுவார்.”

“ஓம் பிள்ளை, பழக்கிறன்,” என்றாள் சரோஜினிதேவி.

பழக்கவில்லை. ‘நான் செய்யேல்லை’ என்பது அவளுக்கு எதிர்த்துக் கதைப்பதாகப் பட்டது. நாங்கள் இருக்கிற இருப்பில் எதிர்த்துக் கதைத்தால் எந்த முதலாளி வைத்திருப்பான்? அந்த வரியைப் பேனையால் வெட்டினாள். அதற்குப் பதிலாக, பிள்ளையை இருபது வருஷமாகக் காப்பாற்றிய தன்னுடைய ஆயுதத்தையே அவன் கையில் கொடுத்தாள். யாராவது சத்தம் போட்டால் தலையைக் குனிய வேண்டும். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, பிழை என்னில, இனிச் செய்யமாட்டன்,” என்று சொல்ல வேண்டும். சிங்களவர் என்றால் “சமாவென்ன”. வெளிநாட்டுக்காரர் என்றால் “ஸொறி”. ஆள் யாரென்று தெரியாவிட்டால் மூன்றையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

குசினியில் வைத்துப் பழக்கினாள். அவள் அகப்பையால் சட்டியில் அடித்து, “ஆர் இதைச் செய்தது?” என்று கத்துவாள். ஆரம்பத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனான். பத்தாம் நாள் நிமிர்ந்து நின்று, பிறகு தலையைக் குனிந்து, மூன்று மொழியிலும் பிசகாமல் சொன்னான். அவள் சந்தோஷத்தில் அழுதாள். அன்றைக்குக் கோழிக்கறி வைத்தாள்.

ஐந்து மாதம் ஒரு குறையும் வரவில்லை. எந்தச் சாரி எந்த ராக்கையில் எத்தனையாவது என்று கஜேந்திரனுக்கு மனப்பாடம். முதலாளியே வருகிறவர்களுக்கு அவனைக் காட்டி, “எங்கட கொம்பியூட்டர்” என்பார். ஆறாம் மாதம், ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக் கடை நிரம்பி வழிந்த ஒரு சனிக்கிழமை பகல், முதலாளியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ஒருக்கா கடைக்கு வாங்கோ. மகன் ஒரு வேலை பாத்துப்போட்டார்.”

சரோஜினிதேவி தைத்ததைப் போட்டது போட்டபடி ஓடினாள். வாசலில் செருப்பைக் கழற்றவும் இல்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. வாய் முந்திக்கொண்டது. “அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவனுக்கு ஒண்டும் தெரியாது. இந்த ஒருமுறை விட்டிடுங்கோ!” கடையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

அதற்குப் பிறகுதான் மேசையைப் பார்த்தாள். லண்டனிலிருந்து வந்த பெண் வீட்டார் எடுத்து வைத்திருந்த கூறைச்சேலை. புதன்கிழமை கல்யாணம். முந்தானையில் கை அகலத்துக்குப் பால் தேத்தண்ணி ஊறிக் காய்ந்திருந்தது. கறையை உள்ளே வைத்து யாரோ அவசரமாக மடித்திருந்தார்கள்.

கஜேந்திரன் தேத்தண்ணி குடிப்பதில்லை. அந்த மணமே அவனுக்கு ஆகாது. கோப்பை இருக்கிற மேசைக்குக் கிட்டப் போனாலே ஓங்காளிப்பான். அவன் பிறந்த பிறகு அவளும் தேத்தண்ணியை வீட்டுக்கு வெளியே நின்றுதான் குடிக்கிறாள். போதாததற்கு அந்த மடிப்பு கோணலாக இருந்தது. செத்தாலும் அவன் அப்படி மடிக்கமாட்டான்.

“அண்ணை, இது இவன் செய்ததில்லை. இவன் தேத்தண்ணிக்குக் கிட்டவும் போகமாட்டான். இந்த மடிப்பைப் பாருங்கோ.”

முதலாளி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “அக்கா, அவர் எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கொண்டிட்டார். மூண்டு மொழியில சொன்னவர். நீங்களும் வந்த உடனயே மன்னிப்புக் கேட்டிட்டியள். இப்ப மடிப்பைப் பார் எண்டா என்ன கதை? நாளையில இருந்து அவர் வீட்டில ஓய்வா இருக்கட்டும். உங்களில எனக்கு ஒரு கோபமும் இல்லை, தையல் வழமை மாதிரி வரும்.”

கஜேந்திரன் சுவரோடு நின்று, கலைந்து கிடந்த சாரிகளை மடித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

அறுபது அடி தள்ளி வந்ததும், கடையில் பழைய ஆளான ஸ்ரான்லி பின்னால் ஓடிவந்தான்.

“அக்கா, கோப்பையைத் தட்டி ஊத்தினது முதலாளின்ர அக்கான்ர மகன். ஊத்திப்போட்டு மடிச்சு வச்சவன். பெண்ணின்ர தாய் கத்த, முதலாளி ஆர் செய்தது எண்டு கத்தினார். உங்கட மகன் பக்கத்தில நிண்டவர். உடன தலையைக் குனிஞ்சு பிழை என்னில எண்டிட்டார். அந்த மனுசியும் பாவம் பிள்ளை எண்டு அடங்கி, வேற கூறை எடுத்துக்கொண்டு போட்டுது.”

“முதலாளிக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“நீர் ஏன் வாய் திறக்கேல்லை?”

“எனக்கும் பிள்ளையள் இருக்குது அக்கா,” என்று ஸ்ரான்லி நிலத்தைப் பார்த்தான். கடையில் வேலைக்கு எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும், வேறென்ன.

வீட்டுக்கு வந்து மகனை முன்னால் இருத்தினாள்.

“தம்பி, தேத்தண்ணியை ஊத்தினது நீயோ?”

“இல்லை.”

“அப்ப ஏனடா பிழை என்னில எண்டு சொன்னனீ?”

“அவர் சத்தம் போட்டவர். சத்தம் போட்டாச் சொல்லோணும்.” பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: “சரியாச் சொன்னனான் அம்மா. இண்டைக்குக் கோழிக்கறியோ?”

சரோஜினிதேவிக்குக் கோபம் கோபமாய் வந்தது. முதலாளியில் பாதி, தன்னில் பாதி. ஆனாலும் திங்கட்கிழமை கடையிலிருந்து பை வந்தபோது அவள் கதவைத் திறந்து வாங்கினாள். உள்ளே ஆறு பிளவுஸ் துணி. அதில் ஒன்று அந்தப் பெண்ணின் புதுக் கூறைக்கு. புதன்கிழமைக்கு முன்னால் தைத்துக் கொடுத்தாள். ஒரு தையலாவது கோணியதா என்றால், இல்லை. அளவு அச்சொட்டாக இருந்ததாம். பெண்ணின் தாய் போனில் புகழ்ந்தாள்.

கஜேந்திரன் பிறகு ஒருநாளும் காலி வீதிப் பக்கம் போகவில்லை. முத்துலிங்கம், “இனி வீட்டோட கிடக்கட்டும், சந்தி சிரிச்சது போதும்,” என்றார். நூல்கண்டுகள் திரும்பவும் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன.

மூன்று வாரம் கழித்து அனுஷியா வந்தாள். சரோஜினிதேவி எல்லாவற்றையும் சொன்னாள், பேனையால் வெட்டிய வரியையும் சேர்த்து. அனுஷியா, “சரி அன்ரி, முடிஞ்சது முடிஞ்சுது,” என்று கஜேந்திரனிடம் திரும்பினாள். ஹெவ்லொக் டவுனில் ஒரு நூல்நிலையத்தில் புத்தகம் அடுக்க ஆள் தேடுகிறார்கள். சத்தமில்லாத இடம். இலக்கப்படி அடுக்கினால் போதும். தான் அவர்களோடு கதைத்துவிட்டதாகச் சொன்னாள்.

“போவமே கஜன்? விருப்பமோ?”

அவன் கையிலிருந்த மஞ்சள் நூல்கண்டை அதன் இடத்தில் வைத்தான். நன்றாக யோசித்துவிட்டு, வேலைக்குப் போகிற எவரும் கேட்பதைப் போல அமைதியாகக் கேட்டான்.

“அங்க நான் என்ன பிழை செய்யோணும் மிஸ்? முதலே சொன்னியள் எண்டா பழகிக்கொண்டு வருவன்.”