பந்தி நேரத்து டிஜே

வாழை இலையில் சுடச்சுடச் சோறு விழும்போது ஒரு வாசனை எழுமே, இலையின் பச்சையும் சோற்றின் ஆவியும் கலந்து, அது எங்கிருந்து வந்தாலும் என் வலது கை தானாக எழுந்து இல்லாத ஒரு குமிழைத் திருகுகிறது. போன மாதம் கடலூர் முதுநகரில் சொந்தக்காரர் வீட்டுக் கருமாதிச் சாப்பாட்டில் இப்படித் திருகி, பக்கத்து இலைக்காரரின் தண்ணீர் தம்ளரைக் கவிழ்த்துவிட்டேன்.

“இன்னா தம்பி, கை இழுக்குதா?” என்றார்.

ஆமாம் என்றேன். கலை இழுக்கிறது என்று கருமாதி வீட்டில் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். பதினோரு வருஷமாக என் இசை அரங்கேறியதெல்லாம் பந்தி நேரத்தில். நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து கடலூரில் டிஜே தொழில் நடத்தினோம். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, கல்யாண வரவேற்பு, சிதம்பரத்தில் ஜவுளிக்கடை திறந்தால் அதன் வாசல். ஸ்பீக்கர், விளக்கு, புகை மெஷின், இவற்றை ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி எல்லாம் மச்சான் பொறுப்பு. வாடிக்கை பிடிப்பதும் அவன்தான். என் பொறுப்பு, கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனித குலத்தைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது. மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, “குத்து ஒண்ணு தட்டி உடுப்பா” என்று கேட்டால், ஏதோ பனி பெய்யும் நகரத்தில் இறக்கவேண்டிய மூட்டையைத் தப்பாகக் கடலூர் வெயிலில் இறக்கிவிட்ட மாதிரி ஒரு பெருமூச்சு விடுவேன். விட்டுவிட்டுத் தட்டுவேன்.

என் சொந்தப் படைப்பு என்று ஒன்று இருந்தது. பன்னிரண்டு நிமிஷம். காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் பெல்ட் அடித்துக்கொள்ளும் சத்தம், துறைமுகத்தில் ஐஸ் பாளத்தை நொறுக்கும் மெஷினின் கரகரப்பு, சிதம்பரம் டவுன் பஸ் கண்டக்டரின் விசில், இதையெல்லாம் போனில் பிடித்துவந்து கம்ப்யூட்டரில் இழுத்து, நீட்டி, வெட்டி, ஆறு வருஷம் பின்னினேன். முதல் நாலு நிமிஷம் தாளமே கிடையாது. இரைச்சல் மாதிரி ஒன்று மெல்ல ஏறும், மழைக்கு முன்னால் காற்று ஏறுவதுபோல. பிறகு ஒரு நொடி முழு மௌனம். அதன்பின் அடிவயிற்றில் இடி இறங்கும். அந்த இடிக்காகத்தான் நான் பிறந்தேன் என்று நம்பினேன். என் மனைவிக்கு இதில் ஆட்சேபம் இல்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நம்பினால்.

கல்யாணத்தில் இதைப் போட்டால் அடிப்பார்கள் என்பது மச்சானுக்கும் தெரியும். வழி கண்டுபிடித்தவனும் அவன்தான்.

“எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல ஹால் காலியாத்தான மாமா கெடக்கும்? அப்ப உங்க ஐட்டத்தப் போட்டுக்குங்க.”

அன்றிலிருந்து என் ரசிகர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகள். குறை சொல்லக் கூடாது, நல்ல ரசிகர்கள். பாதியில் எழுந்து போகமாட்டார்கள். ஒருமுறை ஒரு மனிதர் சாம்பார் கையோடு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தார். சோற்றையே விட்டுவிட்டு வருகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அண்ணே, ஸ்பீக்கர் இரையுது. பின்னு லூசா இருக்கும், பாருங்க” என்றார். புவனகிரி மண்டபத்தில் அந்த மௌனம் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். மௌனம் விழுந்ததும் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த ஜெனரேட்டர்காரர் கரண்ட் போய்விட்டதென்று ஓடிவந்து மெயினை மாற்றி மெஷினைக் கிளப்பிவிட்டார். என் ஆம்ப்ளிபயர் அணைந்தது. இடி இறங்கவேண்டிய இடத்தில் டீசல் இன்ஜின் இறங்கியது. உண்மையைச் சொன்னால் அது என் இடியைவிட நன்றாக இருந்தது.

இப்படி இருக்கையில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். இணையத்தில் நான் ஏற்றிவைத்திருந்த அந்தப் படைப்பின் ஒரு துண்டைக் கேட்டிருக்கிறாள். கேட்டவர் எண்ணிக்கையில் பாதி நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. கிள்ளை பக்கம் உப்பங்கழியோரம் ஒரு ரிசார்ட்டில் ஞாயிறு மாலை எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி, எனக்கு ஒரு மணி நேரம். “உங்க சொந்த மியூசிக் மட்டும்தான் சார். சினிமாப் பாட்டு வேணாம்” என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன், சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி.

என்னைப் பற்றி இரண்டு வரி கேட்டாள். ‘ஒலிக்கடலில் வலை வீசும் மீனவன்’ என்று எழுதி அனுப்பினேன். நான் மூன்று தலைமுறை நெல் விவசாயக் குடும்பம். தேவனாம்பட்டினத்தில் உண்மையிலேயே வலை வீசும் நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “யோவ், போட்ல ஏத்துனா கரை தாண்டறதுக்குள்ள வாந்தி எடுக்கற ஆளுய்யா நீ” என்றார்.

அந்த ஞாயிறு முகூர்த்த நாள். அண்ணாகிராமம் பக்கம் முந்திரி வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மச்சான் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒரு வீட்டைப் பிடித்தால் அவர்கள் சொந்தபந்தத்து விசேஷமெல்லாம் நம்முடையது. நான் மட்டும் பஸ்ஸில் கிள்ளைக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. காலையில் பார்த்தால் வாசலில் குட்டியானை நிற்கிறது, இருப்பதிலேயே பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் நாலும் ஏறியிருக்கிறது.

“கல்யாணம்?”

“வேற ஆளக் கை காட்டிட்டேன் மாமா. திட்டுனாரு. திட்டட்டும். ரிசார்ட்டு ஸ்பீக்கர்ல உங்க அடி எறங்காது. நம்ம பாக்ஸ்தான் வேணும். ஏறுங்க.”

இவனைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம், வியாபாரி, இசை தெரியாதவன், எண்ணெய்ச் செக்கில் வயலினைக் கட்டியவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சவுக்கு நிழலில் முப்பது, நாற்பது பேர் மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் இளசுகள். எனக்கு ஐந்து மணிக்கு. அரிசி ஆலை பெல்ட் மெல்ல அடிக்கத் தொடங்கியது. ஸ்பீக்கர் பக்கம் கை கட்டி நின்ற மச்சான் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. எதிரே முகங்கள் இருந்தன. பதினோரு வருஷத்தில் இந்தப் படைப்பை முகங்களுக்கு நேராக நான் போட்டதே இல்லை. நாற்காலிக்குக் கொட்டாவி வராது; இங்கே ஒருத்தன் விட்டான். ஒருத்தி போனைத் தடவினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஜோடி எழுந்தது. போகிறார்கள், போகிறார்கள் என்று என் காது முழுக்க என் சத்தமே கேட்டது. ஐஸ் மெஷின் ஏறிக்கொண்டிருந்தது, மௌனத்துக்கு இன்னும் அரை நிமிஷம்கூட இல்லை, என் வலது கை போய்க் குத்துப்பாட்டைத் தட்டிவிட்டது.

யாரும் கேட்கவில்லை. எந்தச் சித்தப்பாவும் வரவில்லை. நானேதான்.

கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு சிரித்தது. பிறகு எழுந்து ஆடியது, அப்படி ஆடியது, மணல் பறந்தது. ஒருத்தன் விசிலடித்தான். இங்கேயாவது கூசிப்போய் நிறுத்தினேன் என்று எழுத ஆசை. இல்லை. மிச்ச ஐம்பது சொச்சம் நிமிஷமும் குத்துதான். மைக்கைப் பிடித்து, “கடலூர்ர்ர், கைய தூக்கு!” என்று கத்தினேன், நிற்பது கிள்ளையில் என்பதுகூட மறந்து. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதுதான் இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

முடிந்ததும் அந்தப் பாண்டிச்சேரிப் பெண் வந்து, “செம எனர்ஜி சார்” என்றாள். கல்யாணத்தில் ரொம்ப ஆடிவிட்ட பெரியப்பாவைப் பார்த்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

திரும்பும்போது மச்சான்தான் வண்டி ஓட்டினான். கிள்ளை ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டியை அணைத்துவிட்டு, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“ஏன் மாமா?”

“கூட்டம் கலையுதுடா. பாத்தியே, ரெண்டு பேரு எழுந்து போனாங்க.”

“எங்க போனாங்க? ஸ்பீக்கர் கிட்ட வந்து உக்காந்தாங்க. அதுல இருந்த பொண்ணு பாக்ஸ் மேல கைய வச்சி, அதிருதான்னு பாத்துச்சி. நான் அங்கதான நின்னேன்.”

ரயில் வந்து, போய் முடிந்தது. கேட் திறந்தும் அவன் சாவியைத் திருகவில்லை. பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தது.

“குத்துதான் போடுவேன்னா அதுக்கு நீ எதுக்கு மாமா? பென் டிரைவே போதுமே.”

பதினோரு வருஷத்தில் என்னை அவன் ‘நீ’ என்றது அதுதான் முதல்முறை.

“ஒவ்வொரு பந்திக்கும் சாப்பாட்டு ஹால் வாசல்ல நான் ஏன் நிக்கறேன்னு நெனச்ச? பாயசத்துக்கா? எவனாவது வந்து உன்னிய நிறுத்தச் சொல்லிடப் போறான்னு மறிச்சிக்கிட்டுக் கெடந்தேன். எங்க மாமா பெருசா ஒண்ணு பண்ணி வச்சிருக்காரு, செத்த பொறுங்கன்னு கெஞ்சிக்கிட்டுக் கெடந்தேன். உனுக்கே வேணாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஒரு கவிஞன், கலைஞன், ஒலிக்கடலின் மீனவன். அவன் சொன்னது: “சிதம்பரத்துல டிபன் சாப்டுட்டுப் போலாமா?”

மச்சான் வண்டியைக் கிளப்பினான். சிதம்பரத்தில் நிறுத்தவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. பின்னால் பாக்ஸ் நாலும் கயிற்றுக்குள் முனகிக்கொண்டு வந்தன.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவன் தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொன்னான். சண்டையில்லை. என் மனைவிதான் இரண்டு பேருக்கும் நடுவில் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றாள். பாக்ஸையெல்லாம் ஏற்றிக் கட்டினான். மிக்ஸரையும் சின்ன ஸ்பீக்கர் ஜோடியையும் ஏற்றாமல் கூடத்தின் மூலையிலேயே விட்டுவைத்தான். வண்டி வரைக்கும் கூடவே போனேன்.

“கோவமாடா?”

“கோவம்லாம் இல்ல மாமா, நீங்க உள்ள போங்க. பத்து மணிக்கு நெல்லிக்குப்பத்துல காதுகுத்து. லேட்டாவுது.”

‘நீங்க’வுக்குத் திரும்பிவிடுவான் என்று தெரியும். திரும்பினால் இவ்வளவு வலிக்கும் என்று தெரியவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, வேறென்ன சொல்ல, சொன்னேன்:

“பாத்துப் போடா மச்சான்.”

“நீங்க யாரையும் பாக்காம போடுங்க மாமா.”