முனையில் ஒரு பிள்ளையின் வயிறு பார்க்கப் போனேன்

குஞ்சு, உன்ரை இன்ரநெற் பக்கத்திலை அம்மா எழுதிறன். உன்ரை கொம்பியூட்டர் நீ விட்டபடியே திறந்து கிடக்குது. ஏசாதை.

இந்தப் பக்கத்தை வாசிக்கிற தாய்மாருக்கு முதலில் ஒன்று சொல்லவேணும். இதை எழுதிக்கொண்டிருந்த என்னுடைய மகள் இப்போது இல்லை. ஆடி மாதம் நோய் வருத்தத்தில் போய்விட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கொடிகாமத்தில் தேங்காய் வியாபாரம். அவள் எழுதினது போல எனக்கு வராது. ஆனால் கைப்பிள்ளையோடு பருத்தித்துறைக்குப் போய்வர எந்த வழி நல்லது என்று சிலர் இங்கே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியால் நான் போய்வந்தேன். அதனால் சொல்கிறேன்.

ஏன் போனேன் என்றால், கடைசிக் கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மகள் கேட்டாள்: "அம்மா, பருத்தித்துறை முனையிலை ஜெனிற்றா எண்டொரு பிள்ளை. அவவின்ரை குழந்தைக்கு வயிறு ஊதினபடி இருந்தது. இப்ப எப்பிடியோ தெரியேல்லை." நான் சொன்னேன், "நீ எழும்பிப் போய்ப் பார்." அவள் எழும்பவில்லை. அவளின் போனைத் திறக்க எனக்குத் தெரியாது, நம்பர் எடுக்க வழியில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த புதன்கிழமை, நேரே போய்ப் பார்ப்பதென்று வெளிக்கிட்டேன். அந்தக் குழந்தைக்கு ஏதும் நடந்திருந்தால் என்ன செய்வது என்ற பயமும் கூட வந்தது.

கொடிகாமம் சந்தியில் காலை ஏழு இருபதுக்கு ஒரு பஸ் இருக்கிறது. வரணி, முள்ளி, நெல்லியடி என்று போகும். இருபது கிலோமீற்றர் வரும், ஒரு மணித்தியாலம் எடுத்தது. யாழ்ப்பாணம் போய்ச் சுற்றத் தேவையில்லை. பிள்ளையோடு வருகிறவர்கள் சாரதிக்குப் பின்னால் இரண்டாவது சீற்றில் இருங்கள், குலுக்கம் குறைவு. கொண்டக்டர் தம்பி நல்லவர். என் மடியில் இருந்த பையைப் பார்த்து, "என்ன அம்மா, பஸ்சுக்கை கறி வைக்கிறியளோ? வாசம் தூக்குது" என்றார்.

பைக்குள் சரக்குத்தூள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கறியில் போட்டுக் கொடுக்கிற தூள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் முதல் நாள் வறுத்து இடித்தேன். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே. வரணி தாண்டும்போதுதான் பக்கென்றது. செத்த வீட்டில் இடித்த தூளை நான் பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். துடக்குக் கழிந்ததுதான், ஐயர் வந்து எல்லாம் செய்ததுதான். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் இப்படிச் செய்யமாட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையால் கொடுத்ததை ஒரு பச்சை உடம்புக்காரி எப்படித் தின்பாள்? பையை பஸ்சிலேயே விட்டுவிட்டு இறங்குவோமா என்றுகூட நினைத்தேன்.

முள்ளியில் கடல்நீரேரியைத் தாண்டும்போது காற்று முகத்தில் அடிக்கும். பிள்ளையின் காதை மூடிக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் நான் மகளைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் கம்பஸில் படித்து, வெளிநாட்டில் கனகாலம் இருந்தவள். என்ன வேலை என்று ஊர்ச்சனம் கேட்டால் நான் "டொக்டர்" என்று சொல்லிவிடுவேன். அவளுக்குப் பொறுக்காது. "அம்மா, நான் ஊசி போடுற டொக்டர் இல்லை. பிள்ளையளின்ரை பீயை ஆராயிறனான். அப்பிடியே சொல்லுங்கோ" என்பாள். சந்தைக்குள் நின்று அதை எப்படிச் சொல்வது? பிள்ளைகள் பிறந்தவுடன் வயிற்றுக்குள் என்னென்ன கிருமி குடிவருகிறது, எது நல்லது, எது கூடாதது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கிருமியில் நல்லதும் இருக்கிறதோ என்று நான் சிரித்தேன். அதற்கு அவள் சொன்னது எனக்கு மறக்காது. தாய்ப்பாலில் ஒரு வகைச் சீனி இருக்கிறதாம், அது பிள்ளைக்குச் செமிக்காதாம். பிறகேன் பாலில் இருக்கிறது? பிள்ளையின் வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிக்குச் சாப்பாடாம். தாய் தன் பிள்ளைக்கு மட்டுமில்லை, பிள்ளையிடம் வந்த விருந்தாளிக்கும் சேர்த்துச் சமைக்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். "அம்மா, இதைச் சொல்ல நான் நூறு பக்கம் எழுதினனான்" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

ஊருக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொன்னாள், தாய்மாரின் வீடுகளுக்குப் போனாள். புட்டியில் கரைத்துக் கொடுக்கிற மாப்பால் கொம்பனி ஒன்று பெரிய சம்பளத்துக்குக் கூப்பிட்டது. போகவில்லை. "ஏனடி?" என்று கேட்டேன். "தாய்க்குப் பால் வராதெண்டு சொல்லப் பழக்குவினம் அம்மா" என்றாள். ஜெனிற்றாவின் பிள்ளை மாதம் நிறையாமல் முந்திப் பிறந்தது. மருந்து பார்த்தது ஆஸ்பத்திரி டொக்டர்மார். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொண்டுபோகப் பண்ணுவதுதான் மகளின் பாடு.

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். இருநூற்றைம்பது ரூபா.

"முனைக்குப் போகவேணும் தம்பி. ஜெனிற்றா எண்டொரு பிள்ளை வீடு."

"அம்மா, முனையிலை கல்லெறிஞ்சால் ஏதாவது ஒரு ஜெனிற்றாவிலைதான் படும்."

"குறைமாசத்திலை பிள்ளை பெத்தவ."

"ஆ, அந்தக் கையளவு சின்னிப்பிள்ளை வீடே? உதை முதல்லையே சொல்லியிருக்கலாமே. ஏறுங்கோ. நீங்கள் ஆர், சொந்தமோ?"

"இல்லை. பிள்ளையின்ரை வயிறு பாக்க வந்தனான்."

"மருத்துவிச்சியோ?"

"இல்லை, தேங்காய் வியாபாரம்."

தம்பி கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓட்டோவை எடுத்தார். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அவரிடம் கேட்கலாம்தான். கேட்க வாய் வரவில்லை.

வெளிச்சவீட்டுக்குக் கிட்ட, கடலைப் பார்த்த ஒழுங்கையில் வீடு. வேலியில் வலை காய்ந்தது. கொடியில் சின்னத் துணிகள் ஆடின. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் உள்ளே போகாமல் வேலிப் படலையிலேயே நின்றேன். ஜெனிற்றாவின் மாமியார் வெளியே வந்தா. பிலோமினா என்று பேர், பெரிய தொண்டை.

"ஆரது? மீன் வேணுமெண்டால் சந்தைக்குப் போங்கோ, இஞ்சை இல்லை."

நான் யாருடைய தாய் என்று சொன்னேன். மகள் போய்விட்டதையும் சொன்னேன். அவ கையிலிருந்த விளக்குமாற்றை மெதுவாக நிலத்தில் வைத்தா. பிறகு படலையைத் திறந்தா.

"நான் உள்ளுக்கு வரேல்லை. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. நான் செத்த வீட்டிலை இருந்து வாறன்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ. நானும் மனுசனைக் கடலுக்குக் குடுத்தவள். இந்த ஒழுங்கையிலை செத்த வீடு இல்லாத வீடு ஏது? அதுக்காகப் பிள்ளையளைத் தூக்காமல் விட்டனாங்களோ? வாங்கோ உள்ளுக்கு." அவ பையையும் வாங்கி மணந்து பார்த்தா. "ம்ம். வேர்க்கொம்பு கூடிப்போச்சு. பரவாயில்லை, பால்சுறாவுக்குப் பிடிக்கும். மத்தியானம் இதிலைதான் கறி, இருந்து திண்டிட்டுத்தான் போறியள்."

நல்ல முகவெளிச்சமான பெண் ஜெனிற்றா. செய்தியைக் கேட்டு அழுதாள். அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். கேட்கவில்லை, வைத்துவிட்டாள். தேங்காய் அளவு தலை. சட்டையை உயர்த்தி வயிற்றைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. பாரமெல்லாம் ஏறி, மிட்வைஃப்புக்குச் சந்தோசமாம். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை என் சீலையிலேயே கக்கா இருந்துவிட்டது. ஜெனிற்றா பதறி எழும்பினாள். நான் விடவில்லை. குனிந்து பார்த்தேன். நல்ல மஞ்சள், நாற்றமில்லை, தயிர் போல மெல்லிய புளிப்பு மணம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று மகள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்தேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தரம்.

"தாயும் மகளும் ஒரே விசர்தான்," என்றா பிலோமினா. "அவவும் இப்பிடித்தான், துணியை வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்துச் சிரிப்பா."

சாப்பிடும்போது ஜெனிற்றா இன்னொன்றும் சொன்னாள். மகள் கடைசியாக அங்கே போன நாளில், நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை எப்படிக் கிடத்துவது என்று, தானே பிள்ளையை நெஞ்சில் போட்டுப் பாயில் சாய்ந்து காட்டினாளாம். காட்டினபடியே நித்திரையாகிவிட்டாளாம்.

"எழுப்ப மனம் வரேல்லை அம்மா. மாமி பக்கத்திலை இருந்து, பிள்ளை சரியாமல் கையாலை பிடிச்சுக்கொண்டிருந்தவ. பொழுதுபடத்தான் எழும்பினவா. வெக்கப்பட்டுச் சிரிச்சவா."

பின்னேரம் மூன்று மணி பஸ்சில் திரும்பினேன். பிந்தினால் நேர் பஸ் கிடைப்பது கஷ்டம், நெல்லியடியில் மாறி ஏறவேண்டி வரும். இந்த வழியால் போகிறவர்கள் பால் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள், ஒரு பெரிய சால்வை போதும். சீனித்தண்ணி, தேன் ஒன்றும் வாயில் வைக்காதீர்கள். பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள், முகத்தில் கொஞ்சாதீர்கள். வயிறு ஊதினால், பால் குடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் எழுதிக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இங்கே பதில் சொல்ல இப்போது ஆளில்லை. என்னைப் போல துக்கம் நடந்த வீட்டில் இருந்து போகிறவர்கள், படலையில் நின்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வரச் சொன்னால் போங்கள். வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்காதீர்கள்.

குஞ்சு, பிள்ளைக்கு வயிறு வத்திட்டுது. வடிவா இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போக முந்தின மாதமெல்லாம் நீ நோவிலை நித்திரையில்லாமல் புரண்டு புரண்டு கிடந்ததை, சுவருக்கு இஞ்சாலை நானும் கண் மூடாமல் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். அண்டைக்கு அந்தப் பாயிலை, அந்தச் சின்னப் பாரம் நெஞ்சிலை கிடக்க, உனக்கு நோகாமல் இருந்ததோ?