சாப்பிட்ட பிறகு

நான்காம் வகுப்புப் படிக்கும்போது தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. டொக்டரம்மா. பீலிக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் குடம் நிறையும் வரை பெண்கள் என்னை அப்படிக் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். கேலிதான். ஆனால் எனக்குத் தலைகால் புரியாது. அந்தப் பட்டத்தை எனக்கு வாங்கித் தந்தது என் அம்மாவின் வயிற்றுக்கடுப்பு.

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். மாவும் அரிசியும் கண்ணில் படாமல் போன எழுபதுகளின் வருஷங்கள் அவை. கடை வாசலில் அரை நாள் நின்றுவிட்டு அப்பா வெறும் பையோடு திரும்புவார். பிறகு மரவள்ளிக் கிழங்கையோ கீரையையோ தேடிக்கொண்டு எங்கேயாவது போவார். எனக்கும் தம்பிக்கும் தங்கச்சிக்கும் இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. எங்கள் தட்டில் எப்படியோ ஏதோ ஒன்று விழுந்துகொண்டுதான் இருந்தது.

அம்மாவுக்குச் சீதமும் இரத்தமுமாகப் போக ஆரம்பித்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் கொழுந்தெடுக்கப் போனாள். மூன்றாம் நாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கங்காணியே தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் நானும் கூடப் போனேன்.

டிஸ்பென்சர் ஐயா சிரிக்காத மனிதர். குடலில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது என்றார். வெள்ளை மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும், மூத்திரம் கறுத்துப் போனால் பயப்படக் கூடாது, வாய் கசக்கும், சாராயத்தைத் தொடவே கூடாது என்று வரிசையாகச் சொன்னார். சாராயம் என்றதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா என் பக்கம் திரும்பினார்.

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. பத்து நாளைக்கு. சாப்பிட்ட பெறகுதான் குடுக்கணும். எங்க, திருப்பிச் சொல்லு."

ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கெட்டிக்காரி என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

மாத்திரைகளைப் பழைய பவுடர் டின்னில் போட்டு, என் புத்தகங்களோடு வைத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் கரித்துண்டால், கொடுக்கிற மாத்திரைக்கு ஒரு கோடு போட்டேன். முதல் இரண்டு நாள் அம்மா வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் படுத்திருந்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து அவளுக்குக் கஞ்சி வந்தது. மூன்று வேளையும் குடித்தாள், மூன்று மாத்திரையும் போட்டாள். இரத்தம் நின்றது. மூன்றாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். கஞ்சியும் நின்றது.

அதற்குப் பிறகுதான் அம்மா சாப்பிட அடம் பிடிக்கிறாள் என்று நான் கண்டுபிடித்தேன். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் தேத்தண்ணியும். அதோடு சரி. மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வருவாள், எங்கள் மூன்று பேருக்கும் போடுவாள், சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அந்திக்கும் அதே கதை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"வாயெல்லாம் துருப்புடிச்ச ஆணிய வச்ச மாதிரி கசக்குதுடி. எறங்க மாட்டேங்குது."

வாய் கசக்கும் என்று டிஸ்பென்சர் ஐயாவே சொல்லியிருந்தாரே. நான் நம்பினேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான். சாப்பிடவில்லை என்றால் மாத்திரை இல்லை என்று எங்கள் வாத்தியார் குரலில் சொல்லி டின்னை மூடுவேன். அம்மா சிரிப்பாள். "சரிங்க டொக்டரம்மா" என்பாள். பட்டப்பெயர் அவள் வாயிலிருந்து கிளம்பித்தான் லயம் முழுக்கப் பரவியது.

ஒரு நாள் அந்தியில் பீலியிலிருந்து குடத்தோடு வந்தேன். அம்மா என் டின்னைத் திறந்து மாத்திரையை எடுத்து வைத்திருந்தாள். மற்றக் கையில் தண்ணீர்ப் போத்தல். எனக்கு வந்ததே கோபம். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"வெறும் வயித்துல போட்டா என்னா ஆகும்னு சொன்னாரு?" என்று கேட்டாள்.

ஐயா அதைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்வதற்கு டொக்டரம்மாவுக்கு வாய் வருமா?

"செத்துப் போயிருவியாம்" என்றேன்.

அம்மா கையை விரித்தாள். வேர்த்த உள்ளங்கையில் மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்து என் பாவாடையில் துடைத்துத் திரும்ப டின்னில் போட்டேன்.

பல வருஷம் கழித்து எனக்கும் அதே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடைப் பெண்ணிடம், சாப்பிடாமல் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான், வேளை தப்பவிடாமல் முழுதையும் போட்டு முடியுங்கள் என்றாள். பாக்கிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் அதை வாங்காமல் நின்றிருக்கிறேன்.

பத்து நாள் கணக்கு முடிந்ததும் டின்னை மூடி வைத்துவிட்டேன். அம்மா ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி, இருமினால் தோள் வரை இழுக்கும். மறுபடி டிஸ்பென்சரிக்குப் போனோம். இந்தத் தடவை அப்பா, தம்பி, தங்கச்சி எல்லாரும். டிஸ்பென்சர் ஐயா விலாவில் விரலை அழுத்தியதும் அம்மா அலறினாள். அவர் முகம் மாறிவிட்டது. போன தடவை கொடுத்த மாத்திரைகளை முழுதும் போட்டாயா என்று கேட்டார். எல்லாத்தையும் போட்டேங்க என்றாள் அம்மா.

பொய் சொல்கிறாளே என்று எனக்குத் திக்கென்றது. நான் டின்னைக் கையோடு கொண்டு போயிருந்தேன். திறந்து மேசையில் கவிழ்த்தேன். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"அம்மா சாப்பிடலைங்க ஐயா. அதான் நான் குடுக்கல."

கெட்டிக்காரி என்பார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் அம்மாவிடம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். "வாய் கசந்துச்சுங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. ஐயா எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். திட்டு விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. பூச்சி ஈரலுக்கு ஏறிச் சீழ் வைத்திருக்கும் என்று மட்டும் சொல்லி, பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தார்கள்.

அம்மா பிழைத்து வந்தாள். விலாவில் ஊசி குத்திச் சீழை எடுத்த தழும்போடு இன்னும் பதினைந்து வருஷம் இருந்தாள். ஆனால் பழையபடி நிறைகூடையைச் சுமக்க அவளால் முடியவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினைந்து வருஷத்தில் எத்தனை அந்திப் பொழுது கிடைத்தது. கேட்கவில்லை. புரிந்த பிறகு கேட்க வெட்கமாக இருந்தது, பிறகு அவள் இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மட்டும் பஸ்ஸில் பதுளைக்குக் கூட்டிப் போனார். வார்டில் ஒரு சிங்கள நர்ஸ் அம்மாவின் கட்டிலருகே நின்றிருந்தார். கையில் அதே வெள்ளை மாத்திரை. அவருக்குத் தமிழ் வராது. தட்டில் இருந்த பேக்கரிப் பாணைக் காட்டினார், வாயைக் காட்டினார். அம்மா ஒரு வாய் தின்றதும் மாத்திரையைக் கொடுத்தார். விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றார். நாக்கைக் கூட நீட்டச் சொன்னார். என்னைப் போலவே ஒருத்தி என்று அவரை எனக்குப் பிடித்துப் போனது.

அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் அம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே பாண் துண்டுகள். சில காய்ந்து விறைத்திருந்தன.

"தம்பிக்கும் தங்கச்சிக்கும் கொண்டு போ. நீ இங்கயே ரெண்டு தின்னு."

தின்றேன். பாண் கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. தின்றுகொண்டே, உனக்கு இன்னும் வாய் கசக்கிறதா என்று கேட்டேன். அம்மா என் வாயோரத் துகளைத் துடைத்துவிட்டு, ஆமாம் என்றாள்.

கசப்புதான் காரணம், நான் நினைத்தது சரிதான் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முடிச்சிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டேன்.