மரியரட்ணம் அண்ணை நின்ற இடம்

இதைக் கதையாக எழுதவில்லை. எழுதி முடித்தால் நெஞ்சை விட்டுப் போகுமோ என்ற நினைப்பில் எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

2007ஆம் ஆண்டு, நவம்பர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. பிராங்பேர்ட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்த கிறிஸ்ரியனை அன்று காலை அடக்கம் செய்தோம். முப்பத்தெட்டு வயது. நித்திரையிலேயே போய்விட்டான். மன்னாரில் இருந்த அவன் தாய் நேசமலர் மகனைக் கண்டு பதினேழு வருடம். சண்டை நடந்துகொண்டிருந்தது. அவரால் வர முடியவில்லை. தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, அவன்ர முகத்தை வடிவா எடுத்து அனுப்புங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

எங்கள் செத்தவீடுகளில் படம் எடுப்பது வழக்கம். பெட்டியைத் திறந்து வைத்து எல்லாப் பக்கமும் நின்று எடுப்போம். வர முடியாதவர்களும் பார்க்க வேண்டுமே. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெர்மன்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டிக்கு இடப்பக்கம் கிறிஸ்ரியனின் ஊர்க்காரரான மரியரட்ணம் அண்ணை நின்று செபமாலை சொன்னார். மண்டபம் நிறையச் சனம். ஆனால் அவரைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அண்ணை அன்றிரவே கொழும்புக்கு விமானம் ஏறுகிறார். ஆறு மணிக்கு வந்து படங்கள் உள்ள சீடியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மன்னாரில் ஸ்ரூடியோ ஒன்றில் படங்களை அச்சடித்துத் தாயின் கையில் கொடுப்பார்.

மூன்றரை மணிக்கு மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு நின்றன. கிறிஸ்ரியனின் முகத்தைக் கிட்ட நின்று எடுத்த முதல் படம். படம் இறங்குவதைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை.

கார்டைத் துடைத்து மறுபடி செருகினேன். அதே இடத்தில் நின்றது. கீழ்வீட்டுப் பெடியனிடம் வேறு ரீடர் வாங்கி வந்தேன். அதே இடம். கடைசியில் கமராவிலேயே போட்டுப் பார்த்தேன். 'கார்டில் பிழை' என்று ஒரு வரி வந்தது. திரை கறுத்துவிட்டது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அறைக்குள் கணினியின் இரைச்சல் மட்டும். எதிரே கிறிஸ்ரியனின் கட்டில், அவன் விரித்த விரிப்போடு. ஒரு தாய் கேட்ட ஒரே பொருளைக்கூட என்னால் கொடுக்க முடியவில்லை. வெகுநேரம் சும்மா இருந்தேன்.

பிறகு, இறங்கிய படங்களைத் திறந்தேன். எல்லாம் தூர நின்று எடுத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சாம்பல் நிறமாக இருந்தது. கார்ட் பழுதானால் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். வழக்கமாகப் படத்தின் அடிப்பக்கத்தில் வரும்.

இது அப்படி இல்லை.

வாசலில் நின்று எடுத்த படத்தில் சாம்பல் இடப்பக்கம் இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று எடுத்ததில் வலப்பக்கம். நான் நகர நகர அதுவும் நகர்ந்திருக்கிறது என்று நினைத்தேன்...

இல்லை. அது நகரவே இல்லை. மண்டபத்துக்குள் ஒரே இடத்தில் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில். பெட்டியின் நீளத்துக்கு.

ஆறு மணிக்கு அண்ணை வந்தார். பயணப் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"முகம் தெரியுதே?"

"தூரத்தில தெரியுது அண்ணை. கிட்ட எடுத்தது ஒண்டும் இறங்கேல்லை. என்னால ஏலாது."

"காணும் அன்ரன். தாய்க்குத் தன்ர பிள்ளையைத் தெரியாதே?" கண்ணாடியை மேலே தள்ளினார். "எடேய், நானெங்க? இதிலதானே நிண்டனான்!"

சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தார்.

"வடிவான ஆளை மட்டும் மறைச்சுப்போட்டுது. உன்ர கொம்பியூட்டருக்கும் பொறாமை, பாத்தியே?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். காரணம் கேட்டால் எதைச் சொல்வேன்? படத்தில் ஒரு நிறம் பயமாக இருக்கிறது என்றா?

சீடியை ஒரு மண்ணிற உறைக்குள் போட்டுக் கொடுத்தேன்.

"கவனம் அண்ணை."

"இதைக் கையை விட்டு வைக்கமாட்டன்" என்றார்.

ஆறு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. மன்னாரிலிருந்து. அங்கே இரவு பதினொன்று பத்து.

"தம்பி, படம் அனுப்ப வேண்டாம். நான் பாத்திட்டன்."

"என்னம்மா சொல்லுறியள்?"

"இப்பதான் கண் அயர்ந்தனான். பிள்ளை பெட்டிக்குள்ள வடிவாக் கிடந்தான். காலைத் தொட்டனான். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் அழவில்லை.

"பக்கத்தில மற்றப் பெட்டி ஆருடைய, தம்பி?"

திரையில் இருந்த சாம்பல் துண்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு பெட்டிதான் அம்மா..."

"இல்லை, ரண்டு. எல்லாருக்கும் கையில செபமாலைதானே வைக்கிறது? அவருக்கு ஒரு மண்ணிற உறையை வைச்சிருந்தினம்."

தொடர்பு அறுந்தது.

அண்ணையின் கைபேசிக்கு எடுத்தேன். மணி அடித்தது... அடித்தது... நின்றது.

மறுபடி எடுத்தேன்.

மறுபடி.

எந்த ரயிலில் ஏறினார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஏழு இருபதுக்கு யாரோ எடுத்தார்கள்.

அண்ணை இல்லை.

ஜெர்மன் குரல். "நீங்கள் இவருக்கு உறவா?"

விமான நிலையத்துக்குப் போகும் எஸ்-பான் ரயிலில், இருந்த இருக்கையிலேயே அவர் உயிர் போயிருந்தது. கையில் பிடித்திருந்த உறையை எடுக்கச் சிரமமாக இருந்தது என்றார்கள்.

அடுத்த கிழமை அதே மண்டபம். நடுவில் இருந்த விளக்குப் பழுது என்று பெட்டியை இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். அவர் நின்ற அதே இடம். அவர் மனைவி கொறற்றி அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஊருக்கு அனுப்ப வேணும் தம்பி. எடுங்கோ."

புதுக் கார்ட் போட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாப் படங்களும் ஒரே தடவையில் இறங்கின.

ஏனோ பழைய கார்டையும் செருகிப் பார்த்தேன்.

அதுவும் இறங்கியது. கிறிஸ்ரியனின் முகம் தெளிவாக இருக்கிறது. தாய் கேட்டது போலவே, வடிவாக.

நான் அதை இன்னும் அனுப்பவில்லை.

முகத்துக்குப் பின்னால்... மற்றப் பெட்டியின் விளிம்பும், ஒரு மண்ணிற உறையின் மூலையும் தெரிகின்றன.