நெருப்புக்குப் போன அகராதி

மைசூருக்கு வெளியே பிளேக் முகாமின் வாசலில் நிற்கிறேன். மூங்கில் தட்டிக் கொட்டகைகளுக்கு முன்னால் சுண்ணாம்பு தூவியிருக்கிறது. போன வாரம் இங்கே இறந்துபோன பிஷப் துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷி நான். நாங்கள் இருவரும் இருபது வருடம் தொகுத்த தமிழ் அகராதியில் இந்தப் பக்கத்துத் தமிழர் பேச்சையும் சேர்க்க வேண்டுமென்று கையெழுத்துப் படியோடு வந்தவர், நோயாளிகளைக் கண்டதும் அவர்களைக் கவனிக்க இங்கேயே தங்கிவிட்டார். அந்தப் படியை வாங்கிப்போகத் திருச்சியிலிருந்து வந்திருக்கிறேன்.

கொட்டகை கழுவும் பெண்ணிடம் விசாரிக்கிறேன். ஹனூர் கிராமத்துத் தமிழச்சி, புருஷனை இதே முகாமில் பறிகொடுத்தவள்.

“தொரை செத்த அன்னைக்கே அவரு துணி, பாய், காயிதம் எல்லாத்தையும் கொளுத்திட்டாங்க சாமி. நோவு ஒட்டிக்குமாம்.”

அவள் காட்டிய சாம்பல் குழியில் அகராதிப் படியின் கருகிய தோல் அட்டை கிடக்கிறது. குனிகிறேன், தொடாதீங்க என்று தடுக்கிறாள்.

“பொணம் தூக்க ஆளில்லாதப்ப தொரையே ஒரு பக்கம் புடிச்சாருங்க. செத்தவங்க பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சாரு. எங்கூட்டுக்காரரு பேரும் இருந்துச்சு. அதுவும் போச்சுங்களா?”

“போயிருக்கும்மா. பேரைச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்.”

அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். புருஷன் பெயரை அவள் தன் வாயால் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாள். “எனக்காகச் சொல்ல எங்கூர்க்காரங்க வேற யாரும் இங்க உசுரோட இல்லீங்களே சாமி” என்கிறாள். பென்சிலைப் பிடித்தபடி காத்திருக்கிறேன்.

“மாதையன்” என்கிறாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.