டிராக்டர் சிவப்பு

எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்து ஓய்வாகி வந்த மனுஷன். இப்போ தென்காசியில ஒரு நகைக்கடை வாசல்ல யூனிபார்ம் போட்டுக்கிட்டு செக்யூரிட்டியா நிக்காரு. அப்பேர்ப்பட்டவரு ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு வந்தாரு. சொன்னா நம்ப மாட்டிய. எங்க தெருவுல ஒருத்தரும் நம்பல. வண்டி வீட்டு முன்னால வந்து நின்ன பெறவும் நம்பல.

செங்கோட்டையத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம், ஒரு கேரளாக்காரர் வீட்டுல பலாமரத்துக்கு அடியில கிடந்த வண்டி அது. ரெண்டே கதவு. தரையோட தரையா உக்காந்திருக்கும். ஏறணும்னா மடங்கணும், இறங்கணும்னா யாராவது கையப் பிடிச்சு இழுக்கணும். ஒரு காலத்துல சிவப்பா இருந்திருக்கும் போல. நான் பாக்கையில அதுக்கு நிறம்னு ஒண்ணு இல்ல. கூரை பூரா பலாப்பால் கறை, கதவுக்குக் கீழ துரு, பானெட்டுல வெயில்ல கருகுன முதுகு மாதிரி பெயிண்டு உரிஞ்சு கிடக்கு. நல்லா ஓடிக்கிட்டிருந்த எங்க பழைய வெள்ளைக் காரை வித்துட்டு இதைக் கொண்டாந்தாரு. "இந்த வண்டிய இப்போ செய்யுறதே இல்லட்டி, தெரியுமா?"ன்னு பெருமை வேற. ஏன் செய்யுறதில்லன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா என் வெள்ளைக் கார் வீட்டுல நின்னிருக்கும்.

எல்லாரும் ஏசுனாங்க. மதினி, அதாவது அவரோட மூத்த அக்கா, அடுத்த தெருவுலதான் வீடு. அவிய வந்து, "ஏலே, கூறு கெட்டவனே, இதுல யாரு ஏறுதது?"ன்னு கத்துன கத்துல எங்க குத்துக்கல்வலசை பூராவுக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. நான் மட்டும் வாயத் தொறக்கல. எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிறவ நான். அன்னைக்கு நான் சும்மா நின்னதப் பாத்து அவருக்கே பயம் வந்துட்டு. ஆனா நான் கோவத்துல சும்மா நிக்கல. வண்டிக்குள்ள எட்டிப் பாத்திருந்தேன். அதுல பின் சீட்டு கிடையாது. முன்னால ரெண்டு சீட்டு, அதுக்குப் பின்னால வெறும் தகரம். அம்புட்டுதான் வண்டி.

இதுல என்ன இருக்குன்னு கேப்பிய. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் அவரு பக்கத்துல உக்காந்து ஒரு எடத்துக்கும் போனது கிடையாது. பஸ்ஸுல போன காலத்துல நான் பொம்பளைங்க சீட்டு, அவரு படிக்கட்டு. சொந்தக் கார் வந்த பெறவு முன் சீட்டு மதினிக்கு. பின்னால உக்காந்தா அவியளுக்கு வாந்தி வருமாம். பருப்பு வடை ஒரு பொட்டலத்த முழுசா தின்னுட்டு மலை ரோட்டுல போவாவ, முன்னால உக்காந்தா அந்த வாந்தி எட்டிப் பாக்காது. கடையத்துல கல்யாணம்னாலும், திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனாலும், நான் பின்னால. பிள்ளைக ரெண்டும், சோத்துத் தூக்கும், தண்ணிக் கேனும் என்கூட. பிள்ளைக வேலைக்குன்னு வெளியூர் போயிட்டுதுக. அப்பவும் நான் பின்னாலதான், நானும் தூக்குமா. அவரு முகத்தவிட அவரு பிடரிதான் எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் அந்த ஓட்டை வண்டி மேல எனக்கு ஒரு ஆசை வந்துட்டு. வெளிய சொல்லிக்கிடல.

பெயிண்டு அடிக்கணும்னு ஆரம்பிச்சாரு. பெரிய ஒர்க் ஷாப்புல போய்க் கேட்டதுக்கு, வண்டி வாங்குன காசவிட பெயிண்டுக்குக் கூடச் சொன்னாங்க. மனுஷன் முகம் தொங்கிப் போய் வந்தாரு. பெறவு அச்சன்புதூர்ப் பக்கம் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் பெயிண்டு அடிக்கிற ஒருத்தனப் பிடிச்சாந்தாரு. அவன் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தான். "என்ன அண்ணாச்சி, இது ஒரு சின்ன டிராக்டர்தானே"ன்னான். "நான் அடிச்சா இதுல மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்"ன்னான். அவன் தலையில சீவுறதுக்கு ஒண்ணும் கிடையாது, அது வேற விஷயம். பெயிண்டும் அவனே கொண்டாரதாச் சொன்னான். எவனோ டிராக்டருக்கு வாங்கி மிஞ்சுன சிவப்பு, பாதி விலைக்குக் கிடைக்குமாம். எங்க வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்லு.

ஆனா அடிக்கிறதுக்கு முன்னால பழைய பெயிண்ட பூராவும் தேய்க்கணும்லா. ஆள் வச்சுத் தேய்க்கத் துட்டுக்கு எங்க போக? வீட்டுல ஒருத்தி சம்பளம் இல்லாம இருக்காளே. வாட்டர் பேப்பர்னு ஒரு உப்புத்தாள், அதைத் தண்ணியில நனைச்சு நனைச்சுத் தேய்க்கணும். அவரு டூட்டிக்குப் போயிருவாரு. நான் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஒரு வாளித் தண்ணியோட உக்காருவேன். தேய்ச்சு, பள்ளத்துல பட்டி வச்சு அடைச்சு, காய வச்சு, மறுபடி தேய்ச்சு. ரேஷன் கடையில மெஷின்ல விரல வச்சா பீப்புன்னு கத்துது. இந்த விரல், அந்த விரல், எதை வச்சாலும் கத்துது. "ரேகையே இல்லையே அக்கா, என்ன வேலை பாக்கிய?"ன்னான் கடைக்காரன். "ஸ்போர்ட்ஸ் கார் தேய்க்கேன்"னேன். அரிசி வாங்க வந்த கூட்டமே திரும்பிப் பாத்துது. கொழுப்பெடுத்தவன்னு நினைச்சிருப்பாங்க.

ஒரு சாயங்காலம் அவரு டூட்டி முடிஞ்சு வந்து, கூட உக்காந்து கொஞ்சம் தேய்ச்சாரு. அப்போ அவரே சொன்னாரு. "பெயிண்டு அடிச்சு முடிச்சதும் மொதச் சவாரி உன்னைத்தான்ட்டி கூட்டிட்டுப் போவேன். ஐந்தருவி வரைக்கும். நீயும் நானும் மட்டும்." நான் கேட்டனா? கேக்கல. அவரா சொன்னாரு. "ஆமா, இந்தத் தகர டப்பாவுல ஊர்கோலம் ஒண்ணுதான் கொறைச்சல்"னு வெட்டி விட்டேன். விட்டுட்டு, உள்ள போயி பீரோவத் தொறந்து, சிவப்பு வண்டிக்குப் பச்சைச் சேலை எடுப்பா இருக்கும்னு ஒண்ணை எடுத்து மேல வச்சேன். இதைச் சொல்ல இப்போ எனக்கு எரிச்சலா வருது. ஆனா வச்சேன், சந்தோஷமாத்தான் வச்சேன்.

சித்திரையில வாரேன்னு சொன்ன பெயிண்டரு வைகாசியிலயும் வரல. கேட்டா கோயில் கொடை, கேட்டா மச்சினன் கல்யாணம், கேட்டா கம்ப்ரசர் ரிப்பேர். அவன் ஆடி அசைஞ்சு வாரதுக்குள்ள ஆனி முடியப் போகுது, சாரல் பிடிச்சிட்டு. எங்க ஊருச் சாரல் எப்படின்னு பாக்க வெளியூர்க்காரங்க கூட்டம் கூட்டமா பஸ் பிடிச்சு வந்து பல்ல இளிச்சுக்கிட்டு நனைஞ்சிட்டுப் போவாங்க. இங்கன குடியிருக்கவளக் கேளுங்க. துவைச்ச துண்டு காயாது, உப்பு ஜாடியில தண்ணி நிக்கும், ஃபேனுக்கு அடியில கொடி கட்டி உள்பாவாடையத் தொங்க விட்டிருப்போம். அந்த நேரத்துல பெயிண்டு காய வைக்கப் போறாங்களாம், புத்திசாலிங்க.

"சாரல் நிக்கட்டுமே, என்ன அவசரம்?"னு நான் கேட்டேன். கேட்டதுக்கு மதினி பஞ்சாங்கத்தக் கொண்டாந்து விரிச்சிட்டாவ. "ஆடி பொறந்துட்டா புதுசா எதையும் தொடக் கூடாது. ஆவணி வரைக்கும் உரிச்ச கோழி மாதிரி இதை வாசல்ல நிப்பாட்டப் போறியா? ஆனி முடியுறதுக்குள்ள பெயிண்டு அடிச்சு, பூசை போட்டு, வண்டிய ஓட்டிரணும்." வண்டியே ஆகாதுன்னு கத்துன அதே வாய்தான். பெயிண்டரு உடனே, "அக்கா சொல்லுததுதான் சரி. ஆடியில நானே பெயிண்டத் தொட மாட்டேன்"னான். மத்த மாசத்துல தொட்டுக் கிழிச்சிட்டான். எங்க வீட்டுக்காரரு எல்லையில நின்னு துப்பாக்கி பிடிச்ச மனுஷன், அக்கா முன்னால வாயத் தொறக்க மாட்டாரு. சரின்னுட்டாரு.

வீட்டுப் பக்கத்துல தகரக் கொட்டகை. மூணு பக்கமும் தார்ப்பாய். பத்தாத எடத்துக்கு என் பழைய சேலைகளக் கட்டுனாங்க. காத்து ஒரு அடி அடிச்சா சேலை எழும்பும், சாரல் உள்ள வந்து தெளிக்கும், பெயிண்டரு "ஏய், ஏய்"னு சாரல அதட்டுவான். அது பயந்து நின்னுரும் பாருங்க. அடிச்சு முடிச்சா, எடுத்த எடுப்புலயே டிராக்டர்னு தெரியுது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு, "கலப்பைய எங்கன மாட்டுவிய?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. ஈரம் இறங்கி அங்கங்க பால் சிந்துன மாதிரி வெள்ளை பூத்து வேற இருந்துது. ஆனாலும் எங்க வீட்டுக்காரரு அதைச் சுத்திச் சுத்தி வந்தாரு. சின்னப் பிள்ளை கணக்கா இருந்துது அவரு முகம். எனக்கே பாவமாயிட்டு. நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில பூசை. ஆனி மாசத்துக் கடைசி நாள். நான் தலைக்குக் குளிச்சு, பச்சைச் சேலை கட்டி, பூ வச்சுக்கிட்டு வந்து நின்னேன். அவரு பானெட்டத் தொட்டுப் பாத்துட்டு, "இன்னும் ஒட்டுதே"ன்னாரு. பெயிண்டரு பின்பக்கம் ஒரு எடத்துல மட்டும் புறங்கைய வச்சுப் பாத்துட்டு, "காஞ்சிட்டு அண்ணாச்சி, அது பெயிண்டோட மினுமினுப்பு"ன்னான். மதினி அதுக்கெல்லாம் காத்திருக்கல. "நாளைக்கு ஆடி பொறக்கு"ன்னுட்டு, பானெட்டுல சந்தனத்த மூணு விரலால இழுத்து, குங்குமம் வச்சு, பெரிய செவ்வந்தி மாலை ஒண்ணை நடுவுல நல்லா அமுக்கிப் போட்டாவ. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். தேங்காய் உடைச்சாச்சு. சூடம் காட்டியாச்சு.

நான் இடது பக்கக் கதவுக்குக் கிட்ட நின்னேன். அங்கனதான் நிக்கணும்னு முந்துன நாளே நினைச்சு வச்சிருந்தேன். மதினி சூடத் தட்ட என் கையில குடுத்து, "இதைப் பிடி"ன்னாவ. நான் ரெண்டு கையாலயும் பிடிச்சேன். அவிய கதவத் தொறந்து, முட்டு ரெண்டும் மடக்குன்னு சத்தம் போட, ஒரு வழியா உள்ள இறங்கி உக்காந்துட்டாவ. "மொதச் சவாரி சாமிக்கு. ஏலே, பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வந்துருவோம். மெதுவாப் போ, வாந்தி வரும்."

அவரு ஸ்டியரிங்குக்கு முன்னால உக்காந்து கண்ணாடியத் திருப்பிக்கிட்டிருந்தாரு. ஐந்தருவி ஞாபகம் வரும், ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. நானும் விடல, சத்தமாவே கேட்டேன். "அப்போ நான்?"

அவரு கண்ணாடியில இருந்து கண்ண எடுக்கல. "நீ பின்னால ஏறிக்கட்டி"ன்னாரு.

பெயிண்டரு கெக்கேன்னு சிரிச்சிட்டான். மதினிகூடத் திரும்பி அந்தத் தகரத்தப் பாத்துட்டு, பெறவு என்னையப் பாத்தாவ. அவருக்கு மட்டும், தான் என்ன சொன்னோம்னே தெரியல. பழம் நசுங்குன சத்தம் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கல, ஹாரன அடிச்சுக்கிட்டே தெரு முனையில திரும்பிட்டாரு. நான் சூடம் அணையுற வரைக்கும் தட்டப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே நின்னேன்.

திரும்பி வந்து மாலைய எடுத்தாங்க. மாலை வரல. இழுத்தா நாரு மட்டும் கையோட வந்துது, பூவெல்லாம் பெயிண்டுல அப்பிக் கிடக்கு. சந்தனம் உள்ள இறங்கி மேடு தட்டிட்டு. பெயிண்டருக்கு அந்த நேரம் பாத்து ஒரு போன் வந்துது, பேசிக்கிட்டே பைக்க எடுத்தவன்தான், இன்னும் பேசிக்கிட்டிருக்கான் போல. மதினி, "சாமி மாலைதானே, இருந்துட்டுப் போகட்டும்"னுட்டு வீட்டுக்குப் போயிட்டாவ. அவரு முட்டி போட்டு உக்காந்து, ஒவ்வொரு இதழா நகத்தால எடுத்துப் பாத்தாரு. எடுத்த எடத்துல பெயிண்டும் சேந்து வந்துது. கண்ணு கலங்கிட்டு மனுஷனுக்கு. மத்த நாளா இருந்தா நான் போயித் தோளத் தொட்டிருப்பேன். அன்னைக்குச் சேலைய மாத்திட்டு உளுந்து அரைக்கப் போயிட்டேன்.

சாயங்காலம் அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு. நான் பேசாம இருந்ததப் பாத்துட்டு அவரா ஒரு காரணத்தக் கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு. "வருத்தப்படாதட்டி. சாரல் நின்னதும் ஆவணியில எல்லாத்தையும் உரிச்சிட்டு மறுபடியும் அடிச்சிருவோம். இந்தத் தடவை நல்ல பெயிண்டு."

"என்ன பெயிண்டு அடிச்சாலும் அதுல ரெண்டு சீட்டுதான்"னேன்.

அவரு என் முகத்தப் பாத்தாரு. நெசமாவே யோசிச்சாரு, அதைச் சொல்லணும்.

"ஆமா, ரெண்டு சீட்டுதான்"னாரு. "அதுக்கென்ன இப்போ?"